கழுத்தும் வயிறும் போதும்

...அதான் சொல்றேன் ஹெட்டி, குளிருக்குக் குதிரை முடி வெட்டுறதப் பத்தி மட்டும் இந்த லாயத்துல யாருகிட்டயும் யோசனை கேட்டுடாத. பன்னெண்டு குதிரை நிக்குது, பன்னெண்டும் பன்னெண்டு கோலம்! எவளுக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா பேச்சு? அப்பப்பா!

நீ நேத்துதான் வந்த, உனக்குத் தெரியாது. அதோ, அந்தக் கடைசி கொட்டடி... பாக்காத, பாக்காத, அவ திரும்புறா. அது வக்கீல் பொம்பளையோட குதிரை. மூக்குலேர்ந்து குளம்பு வரைக்கும் ஒரு முடி விடாம மழிச்சு வெச்சிருக்கா. எதுக்கு? அது என்ன வேட்டைக்கா ஓடுது? ஞாயித்துக்கெழமை வருவா, ஒரு கேரட்டு குடுப்பா, நாலு போட்டோ எடுப்பா, கெளம்பிடுவா. மிச்ச ஆறு நாளும் அது மூணு போர்வையைச் சுத்திக்கிட்டு ஜுரக்காரி மாதிரி நிக்கும்.

அந்தப் பக்கம் நம்ம ஹெஸ்கெத். லாயத்துக்கே சொந்தக்காரன். அவனாவது உருப்படியா இருப்பான்னு நெனப்ப. ம்ஹூம்! "எங்கப்பா காலத்துல வெட்டல, நானும் வெட்ட மாட்டேன்"பான். அவன் குதிரையப் பாத்தியா? கரடி! அந்தக் கம்பளி முடியோட மலை மேல அரை மணி நேரம் விரட்டிட்டு வருவான். சொட்டச் சொட்ட வேர்த்து வந்து நிக்கும். அந்த முடி காயுமா? சாயங்காலம் வரைக்கும் ஈரமாவே நிக்கும், முதுகுலேர்ந்து ஆவி பறக்கும், சலவைக்கடை மாதிரி. அப்புறம் இருமுது, இருமுதுன்னு டாக்டரக் கூப்புடுவான். இருமாம என்ன பண்ணும்? ஈரக் கோட்டைப் போட்டுக்கிட்டு இவன் நிப்பானா டிசம்பர் குளிர்ல?

உன் பெட்டைக் குதிரைக்கு எங்க வேர்க்குது? கழுத்துலயா? நெஞ்சுலயா? கவனிக்கலியா! சரியாப் போச்சு. குதிரைய வாங்கிட்டு வந்துட்ட, வேர்வை எங்க வருதுன்னு பாக்கல. கோச்சுக்காத, சும்மா சொன்னேன்.

இரு, இரு, போகாத. இன்னும் முக்கியமான ஆளு பாக்கி இருக்கா. ரோசலிண்ட். அந்தச் சிவப்புத் தொப்பி. பாத்தா பூனை மாதிரி இருப்பா, அதிர்ந்து பேச மாட்டா. ஆனா எல்லாம் தனக்குத்தான் தெரியும்னு ஒரு நெனப்பு. முடி வெட்டுற மெஷினும் அவகிட்டதான், கத்தியும் அவகிட்டதான். அக்டோபர் வந்தாப் போதும், ஊரே அவ முன்னாடி வரிசை கட்டி நிக்கும். "ரோசலிண்ட், என் குதிரைக்கு..." "ரோசலிண்ட், கொஞ்சம் என் குதிரைக்கும்..." கேக்கவே எரிச்சலா வரும். பதினோரு வருஷமா என் குதிரை பார்னபிக்கும் அவதான் வெட்டினா. நல்லாத்தான் வெட்டுவா, அத இல்லேன்னு சொல்லல. கோடு போட்டா ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கும். அதுக்காக? தலை மேல தூக்கி வெச்சுக்கணுமா?

இந்த வருஷம் நான்தான் போய்ச் சொன்னேன். "முழுசா எடுத்துடு ரோசலிண்ட். காலையும் சேணம் வைக்கிற எடத்தையும் மட்டும் விடு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாரும் சேந்து சவாரி போறோமே, அன்னிக்கு அவன் பளபளன்னு இருக்கணும்"னேன். போன வருஷம் அவனப் பாத்து அந்த வக்கீல் பொம்பள என்ன கேட்டா தெரியுமா? "வண்டி இழுக்குற குதிரையா?"ன்னா. என் பார்னபிய!

நான் கேட்டதுக்கு ரோசலிண்ட் என்ன சொன்னா? மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டே, என் மூஞ்சியக் கூடப் பாக்கல... "டோரீன், அவனுக்கு இருபத்தோரு வயசு. வாரத்துக்கு ரெண்டு நாள் மெதுவா ஓட்டுற. பகலெல்லாம் மேய்ச்சல்ல நிக்கிறான். கழுத்தும் வயிறும் போதும்." அவ்வளவுதான். கழுத்தும் வயிறும் போதுமாம்! எனக்குச் சுருக்குன்னுது. மெதுவா ஓட்டுறேனாம்! அவளுக்கு என்ன தெரியும் நான் எப்படி ஓட்டுறேன்னு? "உன் மெஷின் இல்லேன்னா உலகம் நின்னுடுமா?"ன்னு கேட்டுட்டேன். பத்து பேரு இருந்தாங்க. அவ பாட்டுக்கு மெஷினத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. அதான் அவ குணம். சண்டை போட்டாலும் ஒத்தை ஆளாப் போட வேண்டியிருக்கு.

என்ன, பார்னபியையே பாக்குற? அந்தப் படிக்கட்டா? போர்வைக்குக் கீழ, தொடையில... ஆமா, படி படியாத்தான் இருக்கு. கழுத்துல வரி வரியா வரிக்குதிரை மாதிரி... தெரியும், தெரியும், எனக்கும் கண்ணு இருக்கு. அந்த மெஷின் ஓட்டை மெஷின், நான் பழசா வாங்குனது. கத்தி சூடாயிடுது. போதாததுக்கு அவன் மேல புழுதி வேற...

சரி. நான்தான். நானேதான் வெட்டினேன். வேற யாரு?

போன வியாழக்கெழமை காலையில. மொதல்ல ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். சாக்பீஸ்ல கோடு போட்டு, முதுகுல பாதி விட்டுடலாம்னு... முழுசா எடுக்க எனக்கும் உள்ளூர பயம்தான். எடது பக்கம் முடிச்சுட்டு இந்தப் பக்கம் வந்து பாத்தா, வலது கோடு ரெண்டு விரக்கடை கீழ நிக்குது. சரின்னு வலதை ஏத்தினேன். ஏறிடுச்சு, ஜாஸ்தியாவே ஏறிடுச்சு. மறுபடி எடதை ஏத்தினேன். இப்படியே ஏத்தி ஏத்தி... முதுகெலும்புக்கு வந்து சேந்தப்ப, அங்க விரல் அகலத்துக்கு ஒரு கீத்து முடி நிக்குது. அத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதையும் எடுத்துட்டேன்.

அவன் நின்னான் ஹெட்டி. அதச் சொல்லணும். ரெண்டரை மணி நேரம் அந்த மெஷின் காதுகிட்ட பல் டாக்டர் டிரில்லு மாதிரி கத்துது, கத்தி சுடுது, அவன் ஒரு காலக் கூட மாத்தி வெக்கல. நடுவுல தலையத் திருப்பி என் பைய மோந்து பாத்தான், பிஸ்கெட் இருக்கான்னு. என்ன நடக்குதுன்னு அவனுக்கு என்ன தெரியும்? டோரீன் பண்ணா சரியாத்தான் இருக்கும்னு நின்னான்.

என் சட்டைக்குள்ளயெல்லாம் முடி. ஒரே அரிப்பு. எனக்கு அன்னிக்கு மத்தியானம் பார்லர்ல முடி செட் பண்ணிக்க நேரம் குடுத்திருந்தாங்க... சிரிக்காத. ஆமா, அவன் முடிய எடுத்துட்டு என் முடியச் சுருட்டிக்கப் போனேன். சிரிச்சுக்கோ. பழைய மழைப் போர்வை ஒண்ணு இருந்துச்சு, உள்ள பஞ்சே கெடையாது. அதப் போட்டு மேய்ச்சல்ல விட்டேன். கனத்த போர்வை நான் வாங்குனதே இல்ல. இத்தனை வருஷம் எதுக்கு வாங்கணும்? பாதி முடி அவன் மேலயே இருந்துச்சே!

ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுது. மழையும் பனியும் கலந்து, சாய்வா, ஊசி ஊசியா. நான் தலைக்கு மேல அந்த முடி காய வெக்கிற சூடு மெஷினை மாட்டிக்கிட்டு ஜன்னல் வழியா பாக்குறேன். எந்திரிக்க முடியல. எந்திரிச்சிருக்கலாம். சுருளு பாதியில நின்னா என்ன, செத்தா போயிடுவேன்? எந்திரிக்கல.

மூணரைக்கு வந்தா மேய்ச்சல்ல அவன் இல்ல. சுவரோரம் பாக்குறேன், இல்ல. மரத்தடியில, இல்ல. சேத்துல அந்த மழைப் போர்வை மட்டும் கெடக்குது, வார் அறுந்து. நான் கத்தினேன் பாரு... செட் பண்ண முடியெல்லாம் மூஞ்சில வழியுது. கேட்டைத் தெறந்தபடி விட்டுட்டு லாயத்துக்கு ஓடிவந்தேன்.

லாயத்துக்குள்ள நின்னான். ரோசலிண்ட்தான் அவன உள்ள கூட்டிட்டு வந்து, வைக்கோலை முறுக்கி அவன் இடுப்புல தேச்சுக்கிட்டு இருந்தா. அவன் பல்லு அடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுது. குதிரைக்குப் பல்லு அடிக்கும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அவ தன் குதிரையோட போர்வையக் கழட்டிக்கிட்டு வந்து இவனுக்குப் போட்டிருந்தா. ஆமா, இதுதான். அவ குதிரை பேரு தைச்சிருக்கு பாரு, மல்பெரின்னு. தவிட்டுக் கஞ்சி காய்ச்சி ஒரு வாளி வெச்சிருந்தா.

நான் வாசல்லயே நின்னுட்டேன். அவ திட்டப் போறான்னு நின்னேன். பதில் கூட ரெடியா வெச்சிருந்தேன்! அவ அவன் காதை ரெண்டு கையிலயும் பொத்திப் பொத்திப் பாத்துட்டு, "காது சூடாயிடுச்சு டோரீன். இனி பயமில்ல"ன்னா. அவ்வளவுதான். தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? மனுஷி திருப்பிக் கத்தறதுக்காவது ஒரு வழி குடுக்கணும்ல?

மூணு நாளாச்சு. போர்வையத் திருப்பிக் கேக்கவும் இல்ல. மல்பெரி ஒரு பழசைப் போட்டுக்கிட்டு நிக்குது. பாக்குறப்பல்லாம் எனக்கு... விடு.

எங்க கெளம்பிட்ட? ஹெட்டி! அவகிட்டயா? என்ன வெட்டணும்னு நானே சொல்றேனே, கழுத்தும்... சரி, சரி. போ. அவகிட்டயே கேளு. அவதான் சரியா சொல்லுவா.

ஏய், நில்லு! அவகிட்ட... டோரீன் தப்பு தன் மேலதான்னு சொன்னான்னு சொல்லிடு. சொல்லிடறியா? இவ்வளவு பேசுற வாயி, அதுக்கு மட்டும் வர மாட்டேங்குது.