ஒரே மோட்டார், ரெண்டு றெக்கை

குத்திடுச்சாக்கா? மன்னிச்சுக்கோங்க, பைக்குள்ள றெக்கை. ரிமோட்ல பறக்குற ஜெட். ஐயோ, இவனுக்கு இல்ல, இவனுக்கு ஏழு மாசந்தான். என்னோடது. சிரிங்க பரவால்ல, வீட்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சுட்டாங்க.

ஆஸ்பத்திரிக்கு எதுக்கா? டாக்டர்கிட்ட காட்டத்தான். இவனையுந்தான். சளி, காய்ச்சல் ஒண்ணும் இல்ல. பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது, நீங்க மாட்டிக்கிட்டீங்க.

பாகம் பாகமா வாங்கினது இவங்கப்பா. ஜெட்டோட உடம்பு மட்டும் ஒட்டி அலமாரி மேல ஏத்திட்டார். பிரசவ லீவுல அவங்கவங்க ஸ்வெட்டர் பின்னுவாங்க, நான் இதை இறக்கினேன். கான்வென்ட்ல சிஸ்டருங்க எனக்கு எம்ப்ராய்டரிதான் சொல்லிக்குடுத்தாங்க, பாவம்.

இதுல விசேஷமே றெக்கைதான். கிளம்பும்போது விரிஞ்சிருக்கும், வேகம் புடிச்சதும் பின்னால சாயும். நான் பெரிய விஞ்ஞானி இல்ல, றெக்கைக்கு ஒண்ணுன்னு ரெண்டு குட்டி மோட்டார் வெச்சேன். ஒண்ணு சுறுசுறுப்பு, ஒண்ணு சோம்பேறி. வலது றெக்கை சாஞ்சிடுச்சு, இடது இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கு. ஜெட் அப்படியே உருண்டு எதிர்வீட்டுக்காரர் கார் மேல இறங்கிச்சு. ஏம்மா, கொழந்தைய வேற நீதான் வளக்குறியான்னு கேட்டார் மனுஷன்.

அப்புறம் ஒரு மோட்டாரைக் கழட்டிட்டேன். றெக்கை ரெண்டோட அடியிலயும் பல்சக்கரம் வெச்சு, பல்லோட பல்லு கோத்துட்டேன். ஒண்ணு அசைஞ்சா மத்தது அசைஞ்சே ஆகணும், சிக்கினாலும் ரெண்டும் சேந்துதான் நிக்கும். இவங்கப்பா றெக்கையை ரெண்டு தடவை விரிச்சு மடக்கிப் பாத்தார். அப்புறம், குக்கர் கைப்பிடி மட்டும் ஏன் இன்னும் ஆடுதுன்னார்.

இவன் முன்னாடிதான் சோதனையெல்லாம். மோட்டார் கொர்ருன்னதும் குஷி தாங்காது, கைய விரிச்சிடுவான். வலது கைய. சரி, ஜெட் வலது பக்கம் இருக்குன்னு மேசையை இடது பக்கம் இழுத்தேன். அப்பவும் வலதுதான். பாயைத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் கண்ணுல படுதோன்னு திரையை மூடினேன். வீட்ல நகத்தாதது செவுரு மட்டுந்தான். எம்புள்ள வலதுகைக்காரன்னு அவங்கப்பா போன்ல எல்லார்கிட்டயும் பெருமையடிக்கிறார். நானும் ஆமாங்கறேன்.

இருங்க, எங்களைத்தான் கூப்பிடுறாங்க. அந்தப் பையை மட்டும் என் தோள்ல மாட்டி விடுங்கக்கா. றெக்கை பத்திரம்.

வாயால சொல்லிடலாம்னு போன தடவையும் வந்தேன். எடை பாத்தாங்க, நல்லா வளருறான்னாங்க, நானும் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். அதான் இன்னைக்கு இதைத் தூக்கிட்டு வந்திருக்கேன். மேசை மேல வெச்சு பட்டனை அமுக்கினா போதும். இவன் கைய விரிப்பான். இடது கை வராது. டாக்டரே பாத்துப்பாங்க, நான் சொல்ல வேண்டாம் பாருங்க.