புளியறை தாண்டணும்

— அந்தத் தலையணையை இங்கன குடு, சுந்தரி.

— எதுக்குங்க? அது நம்ம சின்ன மக மடியில வைக்க. நீங்க போய்க் காப்பியைக் குடிங்க. வண்டியை நான் பாத்துக்கிடுதேன்.

— காப்பி கெடக்கட்டும். இந்த மாரிஸ் காரே பொம்மை கணக்கா இருக்கு. இதுக்குள்ள நாலு ஆளுக்கு எடம் விட்டு, தொட்டிலு, மெத்தை, ஸ்டவ்வு, முறுக்கு டின்னு, பேரனுக்குக் குருவாயூர்ல சோறு ஊட்ட வெள்ளிக் கிண்ணம்னு அத்தனையும் அடுக்கியிருக்கே. விரல் நுழைய எடமில்ல, ஆனா ஒரு சாமான் ஆடல. ரயில்ல சரக்கு ஏத்துதவன் ஒன்கிட்ட வந்து படிக்கணும்.

— அம்மாடி, ஒங்க வாயால நல்ல வார்த்தை!

— அதான் கேக்கேன். இம்புட்டு அழகா அடுக்கின வண்டி பின்னால ஏன் குந்திக்கிட்டு நிக்கி?

— வயசான வண்டி. அதுக்கும் முழங்கால் வலி இருக்காதா?

— நேத்து வரைக்கும் இல்லாத வலி. தலையணையைக் குடு. ஏளா, இது என்ன, அம்மிக்கல்லா?

— சாரல் காலம்லா? பஞ்சு ஈரம் கோத்திருக்கும்.

— ஈரப்பஞ்சு சலசலங்குமா? பிரி பாப்போம். அரிசி!

— கொஞ்சந்தாங்க.

— சுத்திப் பஞ்சு, நடுவுல அரிசி. தைச்ச தடமே தெரியல. எப்பத் தைச்சே?

— நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப.

— அந்தக் கூஜாவை எடு.

— அதுல வெந்நி.

— சாய்ச்சா அலம்பலியே, அது என்ன வெந்நி? சரி, ஆர்மோனியப் பெட்டி எதுக்கு?

— சின்னவ சந்நிதியில ஒரு பாட்டுப் பாடட்டுமேன்னுதான்.

— எங்க, ஒரு கட்டையை அமுக்கு. சத்தமே வரல. துருத்திக்குள்ளயுமா? சுந்தரி, தேங்காய்க்கு அடியில, வாழைத்தாருக்கு நடுவுல, வைக்கோல் கட்டுக்குள்ளன்னு நான் எவ்வளவோ பாத்தவன். ஒருத்தனுக்கும் ஆர்மோனியம் தோணினதில்ல!

— பாராட்டுதியளா, ஏசுதியளா?

— ரெண்டுந்தான். அதான் கேக்கேன், எங்க அக்கா ஏன் பின் சீட்டுல அசையாம உக்காந்திருக்கா? ஒல்லிக்குச்சியா இருந்தவ, ஒரே ராத்திரியில ரெட்டைநாடி ஆயிட்டாளே.

— மதினியை விட்டுருங்க. அவியளே கேட்டு வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டாவ.

— ஏலே சிவசைலம், அக்காங்காரி இடுப்பைச் சோதனை போட வந்தே, தெரியும் சேதி!

— நீ சும்மா இரு, அக்கா. சுந்தரி, பேரனுக்கு ஊட்ட ஒரு உழக்கு கொண்டு போனா எவனும் கேக்க மாட்டான். இது மூட்டைக் கணக்கு. கேரளாவுக்கு அரிசி போகக் கூடாதுன்னு சட்டம். அதுக்காகப் புளியறை செக்போஸ்ட்ல மழையிலயும் வெயில்லயும் நின்னவன் ஒன் புருஷன். ரிட்டயர் ஆன பொறவு நானே கடத்தவா?

— கடத்தல்னு சொல்லாதிய. நம்ம எலஞ்சி வயல்ல வெளஞ்சது. நம்ம பிள்ளைக்கு நாம கொண்டு போறோம்.

— அங்கன மாட்டினவன் அத்தனை பேரும் இதைத்தான் சொன்னான். இப்ப அங்கன மந்திரமூர்த்தி இருக்கான். நான் வேலை சொல்லிக் குடுத்தவன். வண்டி குந்தியிருக்கான்னு தூரத்துலயே பாப்பான். வந்ததும் தலையணையைத்தான் அமுக்குவான்.

— ஒங்க வண்டின்னு தெரிஞ்சா சல்யூட் வச்சு அனுப்பிர மாட்டானா?

— சல்யூட்டும் வைப்பான், சோதனையும் போடுவான். ஒன் அண்ணன் வண்டியை மறிச்சு நான் மூட்டையை எறக்கினப்ப, அவன் பக்கத்துல நின்னு பாத்தவன்லா?

— மறக்குமா? அண்ணன் பொறவு நம்ம வாசப்படியே மிதிக்கல. எங்க ஆளுக பூராவும் ஒங்களை ஏசினாவ. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள அம்புட்டுப் பெருமை. ஒங்ககிட்ட சொன்னதில்ல.

— இப்பவாவது சொன்னியே.

— ஆனா பெத்த பிள்ளைன்னு வரும்போது பெருமையை வச்சு என்ன செய்ய? முகம்மது மீரான் அண்ணாச்சி எர்ணாகுளம் போயிட்டு வந்தாருல்லா, நம்ம மூத்தவ முத்துவடிவு வீட்டுக்கும் போயிருக்காரு.

— என்ன சொன்னாரு?

— ரேஷன் அரிசி ஒரு நேரத்துக்குத்தான் காணுதாம். மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சோத்தைப் போட்டுட்டு, இவ அடுக்களைக்குள்ள நின்னு மரச்சீனிக் கிழங்கைத் தின்னுட்டுக் கையைக் கழுவுதா. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ! அண்ணாச்சி பாத்துட்டாருன்னு தெரிஞ்சதும், அப்பாட்ட சொல்லிராதிய மாமான்னு அழுதிருக்கா.

— அம்மாட்ட சொல்லாதியன்னு சொல்லலியா?

— இல்ல. அப்பாட்டன்னுதான் சொல்லியிருக்கா. ஒங்களைத் தெரிஞ்சவ அவ. சட்டத்தையும் விட மாட்டிய, ராத்திரி உறங்கவும் மாட்டியன்னு அவளுக்குத் தெரியும்.

— எல்லாத்தையும் எறக்கு.

— ஏங்க...

— எறக்குன்னேன். தலையணை, கூஜா, ஆர்மோனியம், அக்கா இடுப்புல உள்ளது, ஒண்ணு விடாம எறக்கு.

— ஒனக்கு நெஞ்சா அது, கல்லா? பெத்த மக பட்டினி கெடக்கா, இவன் சட்டம் பேசுதான்!

— மதினி, ஏசாதிய. அவிய பேருக்கு ஒரு சொல்லு வந்தா என்னால தாங்க முடியாது. எம்மகளாலயும் முடியாது. இந்தாங்க, எறக்கிட்டேன். ஒரு மணி அரிசி வண்டிக்குள்ள இல்ல.

— எல்லாம் ஒரே சாக்குல கொட்டியாச்சா?

— ஆச்சு. அடுக்களையில கொண்டு வைக்கட்டா?

— இங்கன கொண்டா. நான் உக்காந்து ஓட்டுத டிரைவர் சீட்டைத் தூக்கியிருக்கேன். அடியில பரத்தி வை.

— அங்கனயா? மந்திரமூர்த்தி பாக்க மாட்டானா?

— வண்டி பூரா தடவுவான். ஆனா, எந்திரிங்க ஐயான்னு என்னையச் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது.

— ஐயோ, அப்ப ஒங்க பேரு?

— இத்தனை வருஷத்துல நான் சேத்து வச்சது அது ஒண்ணுதான், சுந்தரி. முத்துவடிவுக்குக் குடுக்காம அதை வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?