நாய்க்குப் போட்ட தங்கச் சங்கிலி

பிள்ளைகளே, யுத்தகாலத்தில் வளப்பூரில் பங்கீட்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது என் காதில் விழுந்த பேச்சு இது. எனக்கு முன்னால் ஒருவர் நாயோடு நின்றார். நாயின் மூஞ்சி பலாப்பழம் போல வீங்கியிருந்தது. கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி.

"ஏனுங்க, நாய்க்குக் கண்ணாலமா?" என்றார் அவருக்கு முன் நின்ற அம்மாள்.

"பொன்னுக்கு வீங்கிங்க. தங்கம் போட்டா வடியுமுங்க. எம்பொண்டாட்டியோடது."

"எப்ப வீங்குச்சு?"

"காத்தால தேன்கூட்டுல மூக்க உட்டுச்சுங்க. அப்புறந்தான்."

"தேனீ கொட்டுனதுக்கு நகை போட்ட மகராசன் நீங்கதானுங்க! சங்கிலி கழுத்த இறுக்குது, மூச்சு இழுக்குது பாருங்க. மொதல்ல கழட்டுங்க!"

கொக்கி வீக்கத்துக்குள் புதைந்து கழலவில்லை.

"அத்துப்போட்டா அவ என்னையக் கொன்னுபோடுவாளுங்க."

"அறுக்காட்டி நாய் செத்துப்போயிரும். உங்களுக்காச்சும் ஓடத் தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சங்கிலியைப் பல்லால் கடித்து அறுத்தார். நாய் இருமிவிட்டு நன்றாக மூச்சு விட்டது. அந்த அம்மாள் கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்து, ஈரத்துணியை வைத்தார்.

"மறுபடி மூச்சுத் திணறுனா நிக்காதீங்க, மலைக்குக் கீழ மாட்டு வைத்தியருகிட்டத் தூக்கிட்டு ஓடுங்க."

"கீழதானுங்க போறேன். ஊட்டுக்கு எப்படிப் போறது?"

நான் திரும்பியபோது நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. நம் நாயின் கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினேன்.