கூட்டத்தைத் திருப்பிக் கேட்ட இன்பராஜ்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் ராமமூர்த்தி அவர்களே, இன்பராஜ் அவர்களின் துணைவியார் ஜாஸ்மின் அவர்களே, ஆம்பூரிலிருந்து அரைநாள் லீவு போட்டு வந்திருக்கும் ஷூ கம்பெனி சகோதரிகளே, கல்லூரி விடுதிகளிலிருந்து வந்திருக்கும் ஆட்டக்காரத் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் விஜயகுமாரி. காட்பாடியில் எங்கள் செல்போன் விளையாட்டு நிறுவனம் தொடங்கியதிலிருந்து சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இன்பராஜ் சார் உருவாக்குவதை முதலில் ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் என் வேலை. இன்றைக்கு அவரைப் புகழ வந்திருக்கிறேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நம் பக்கத்து எருது விடும் விழாவைச் செல்போனுக்குள் கொண்டுவந்தவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர் இன்பராஜ். காளையை வளர்த்து, பழக்கி, தெருவில் ஓட விட வேண்டும். மணிக்கணக்கில் ஆடுகிற தம்பிகள் அதைக் கொண்டாடினார்கள். டீ நேரத்தில் ஐந்து நிமிடம் ஆட வந்தவர்களோ வந்த வேகத்தில் போய்விட்டார்கள். எளிதாக்கினால் தம்பிகளுக்குச் சலிப்பு, கடினமாக்கினால் இவர்களுக்கு அலுப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது? அலுவலகம் முழுக்க இதே கேள்வி. அவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை.

அவர் ஆம்பூர் பஸ் ஏறினார். ஷூ கம்பெனி வாசலில், தையல் பிரிவில் வேலை செய்யும் தேவகி அவர்களிடம் போனைக் கொடுத்தார். தேவகியின் காளை நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. திரும்ப விட்டார், திரும்ப முட்டியது. போனை நீட்டிவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு மாடு ஓட்டல்லாம் வராது சார். தடுப்பாண்ட நின்னு கத்தச் சொல்லுங்க, நல்லா கத்துவேன்."

அன்று பிறந்ததுதான் எங்கள் விளையாட்டின் தெருவோரக் கூட்டம்! பிடித்த காளைக்காக ஒரு நிமிடம் திரையைத் தட்டினால் போதும், அது கொஞ்சம் வேகமெடுக்கும். ஜெயித்தால் தட்டியவருக்கும் புள்ளிகளில் பங்கு உண்டு. ஆம்பூர் தையல் பிரிவும் காட்பாடி விடுதியும் ஒரே தெருவில் நின்றன. இதை வேறு யார் யோசித்தார்கள்?

போன வருடம் முன்னணி ஆட்டக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். நாங்கள் நாளெல்லாம் பழக்குகிறோம், சும்மா தட்டுகிறவர்கள் வெற்றியைத் தீர்மானிப்பதா என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. தட்டலின் வலுவைக் குறைப்போம், கூட்டத்தையே விரட்டிவிடாதீர்கள் என்று இன்பராஜ் சார் மன்றாடினார். யார் கேட்டார்கள்? நிர்வாகம் கூட்டத்தையே எடுத்துவிட்டது. சகோதரிகள் போனார்கள். கொஞ்ச நாளில் தம்பிகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

புகாரில் முதல் கையெழுத்துப் போட்டவர், முதலிடத்தில் இருந்த சுஹேல் அகமது. இன்பராஜ் சார் நோயில் படுத்தபோது அவரே மருத்துவமனைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தெரு காலியா இருக்குதுண்ணா," என்றார். "ஜெயிச்சாலும் பேஜாரா இருக்குது."

இன்பராஜ் சாருக்குச் சிரிப்பு வந்தது. "அத மேல போய் சொல்லு சுஹேலு. நான் சொன்னா பழைய பாட்டுன்றாங்க."

சுஹேல் சொன்னார். படுக்கையில் இருந்தபடி இன்பராஜ் சாரும் கூட்டத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றது நிர்வாகம். பிறகு, அதற்கும் அடுத்ததில் என்றது. நேற்றுத்தான் ராமமூர்த்தி சார் ஒப்புதல் கொடுத்தார். நன்றி சார். மனதாரத்தான் சொல்கிறேன், கோபத்தோடும் சொல்கிறேன். கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர மூன்று வாரம் போதும். அவர் நான்கு மாதம் படுக்கையில் இருந்தார்.

ஜாஸ்மின் அவர்களே, நாளைக் காலை அந்த வேலையைத் தொடங்குகிறோம். இனி எந்த மாற்றமானாலும் ஆம்பூரில் ஒருவரும் விடுதியில் ஒருவரும் ஆடிப் பார்க்காமல் வெளியே போகாது. இது எங்கள் உறுதி. இதை அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். படத்தின் முன்னால் நின்று சொல்கிறோம்.