தொட்டால் பறக்கும் சீடர்கள்

...பின்ன என்ன தம்பி, எழுபத்தோரு வயசு மனுஷனோட சண்ட போட பெய்ஜிங்லேர்ந்து ரயிலேறி வரணுமா? பையில என்ன, கையுறையா? அடேங்கப்பா, பெரிய ஏற்பாடுதான்! உக்காரு. எங்க வீட்டுக்காரரு, அதான் நீ சண்டக்கிக் கூப்ட்ட ஆசான் ஷென், பூங்காவுல பயிற்சிக்கு நிக்கிறாரு. சண்ட ஏழரைக்குத்தான? டீ குடி.

நாப்பத்தாறு வருஷமா இப்பிடித்தான் நிக்கிறாரு. கல்யாணத்தன்னிக்கும் கைய வளைச்சு, இல்லாத மரத்தக் கட்டிப்பிடிச்சிட்டு வீட்டு முற்றத்துல நின்னாரு. பொண்டாட்டி நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! உள்சக்தி வளருதாம். என்னத்த வளந்துச்சோ... ஊறுகா ஜாடி மூடியத் திறக்க இன்னும் நான்தான் போகணும்.

கடிகாரத்த ஏன் பாக்குற? கொழுக்கட்ட ஆறுது. வினிகரத் தொட்டுக்கோ.

அந்த வீடியோவப் பாத்துட்டுதான வந்தே? இவரு விரல நீட்டுனதும் சீடன் கசாப்புக்கட தியான் பத்தடி பறக்குறானே! நூத்திப்பத்து கிலோ! போய் விழுந்தது எங்க? குளிர்காலத்துக்குன்னு நான் அடுக்கி வச்ச முட்டக்கோசு மேல. மோசடின்னு எழுதினியாமே... மோசடிதான். யாரு இல்லேன்னா?

ஆனா அது இவருக்குத் தெரியாது தம்பி.

போன வருஷம் நெஞ்சுல ரத்தக்குழாய் அடச்சு ஸ்டென்ட் வச்சாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் சுவத்தப் பாத்தே படுத்துக் கெடந்தாரு. 'என்கிட்ட இனிமே ஒண்ணுமில்ல'ன்னு ஒரே பாட்டு. கஞ்சி வேணாம், பூங்கா வேணாம்... எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சீடனுங்க ஏழு பேரையும் அடுப்படிக்குக் கூப்ட்டு, 'அவரு தொட்டா விழுங்கடா'ன்னேன். தரையில தல முட்டி, தேநீர் நீட்டிச் சீடனானவனுங்க, ஆசான் பொண்டாட்டி பேச்சத் தட்டுவானுங்களா? விழுந்தானுங்க. மறுநாளே மனுஷன் ரெண்டு கிண்ணம் கஞ்சி கேட்டாரு!

நான் லேசா விழச் சொன்னா, பாவிங்க போட்டி போட்டுல்ல பறக்குறானுங்க! ஒருத்தன் படம்புடிச்சு ஊருக்கே காட்டிட்டான். இவரும் நம்பிட்டாரு. நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? 'பாவம், சின்னப் பையன், மெதுவாத்தான் தொடணும்'ங்கிறாரு. உன்ன நெனச்சுக் கவலப்படுறாருப்பா...

என்ன, எந்திரிச்சிட்ட? இரு, இரு. நீ விடுற ஒரு குத்த அந்த நெஞ்சு தாங்காது. தாங்கினாலும் திரும்பச் சுவத்தப் பாத்துப் படுத்துருவாரு, அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. எல்லாம் நான் இழுத்துவிட்ட வம்பு. அதான் கேக்குறேன்... நீயும் ஒரே ஒரு தடவ விழுந்துடேன்.

சிரிக்காத! ஒண்ணும் கஷ்டமில்ல. குதிகாலத் தூக்கு, மூச்ச விடு, அப்படியே பின்னால ரெண்டு எட்டு... இந்தா பாரு, இப்பிடி! ஏழு பேருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.

எங்க போற? தம்பி! அட, பைய இங்கயே வச்சிட்டுப் போறியே! கையுற வேணாமா?

...வேணாமா?

தம்பி! ஏ தம்பீ! அவரு தொட்டப்புறம் விழு! அந்தத் தியான் மாதிரி தொடுறதுக்கு முன்னாடியே பறந்து தொலைக்காத!