ஆயிரம் கம்பெனிக்குப் போன பயோடேட்டா

“ஆயிரம் கம்பெனிக்கு என்னைத் தெரியும்க்கா,” என்றாள் திண்டிவனம் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண், பக்கத்திலிருந்தவளிடம். “நெட்ல பணம் கட்டினேன். ஒரே நாள்ல என் பயோடேட்டாவ எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. காலையிலேர்ந்து போன் வந்துக்கினே இருக்கு.”

“யார் யாருக்குன்னு கேட்டியா?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்களாம். இப்பகூட ஒரு கன்சல்டன்சி பேசுச்சு. நம்ம வளவனூர்லயே ஒரு ரைஸ் மில்லுல கணக்கெழுத ஆள் வேணுமாம். மில்லு பேரு அப்புறம் சொல்றாங்களாம்.”

“ஏன், இருக்கற ஆளு?”

“அந்தப் பொண்ணு முதலாளிக்குத் தெரியாம வேற வேலை தேடிக்கினு இருக்காம். அவ பயோடேட்டா அவருக்கே மெயில்ல வந்துடுச்சாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மற்றவள் சிரிக்கவில்லை. “வளவனூர் மில்லுல கணக்கெழுதற பொண்ணு நீ ஒருத்திதானேடி?”

போன் மறுபடி அடித்தது. திரையைப் பார்த்தவள் எடுக்கவில்லை.

“முதலாளிதான்க்கா.”