சிவப்பு மூடி ஜாடி

போட்டோ கழுவுகிற டெவலப்பர் கலக்கும்போது மெட்டால் பொடியைத்தான் முதலில் போட வேண்டும். சல்பைட்டை முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் முரண்டு பிடிக்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் இதில்தான் கோட்டை விடுவார்கள். நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும், ஐயா. ஆனால் விஷயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் கையால்தான் பிரிண்ட் போடுவோம். நானும் என் தங்கை கணவரும், இரண்டே பேர். ஒளி பட்ட காகிதத்தை டெவலப்பர் தட்டில் அமிழ்த்தினால் படம் மெல்ல எழும்பி வரும். எழும்பத் தயங்கும் இடத்தை விரலால் தேய்த்துக் கொடுப்போம், அந்தச் சூட்டில் தெளியும். மாப்பிள்ளையின் விரல்கள் அந்த வேலைக்கென்றே அமைந்தவை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

பன்னிரண்டு வருடம் நான் கலந்த டெவலப்பரில்தான் அவர் கை நனைந்தது. பிறகு விரல்கள் சிவந்து வெடித்தன. தோல் டாக்டர் சோதித்துப் பார்த்து, மெட்டால் இவருக்கு ஆகாது, சர்க்கரை வேறு இருக்கிறது, புண் வந்தால் சுலபத்தில் ஆறாது என்றார். மாப்பிள்ளை கையுறை மாட்டிப் பார்த்தார். விரலுக்கு எதுவும் புரியவில்லை என்று கழற்றிவிட்டு, கடையில் ஒரு பாட்டில் டெவலப்பர் வாங்கி வந்தார். அதில் மெட்டால் கிடையாது. லேபிளைப் படித்த டாக்டர், இதை வெறுங்கையால் தொடலாம் என்று சொல்லிவிட்டார்.

கடைச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பழிக்கிற ஆள் இல்லை நான். எடை போடும் வேலை இல்லை, தண்ணீர் கலந்தால் போதும், என்றைக்கும் ஒரே மாதிரி வரும். வீட்டுக் கலவை அப்படி இல்லை. புரோமைடைக் கொஞ்சம் கூட்டினால் வெள்ளை துலங்கும், சோடாவைக் குறைத்தால் படம் நிதானமாக வரும். முக்கியமாக அந்தக் கறுப்பு. கடை டெவலப்பரின் கறுப்பு கரியைப் பூசினது போல இருக்கும். என்னுடையது கிணற்றை எட்டிப் பார்ப்பது போல.

அதனால் ஒரே நெகட்டிவில் இரண்டு பிரிண்ட் போட்டோம், என்னுடையதில் ஒன்று, கடையுடையதில் ஒன்று. இரண்டு மாத ஓய்வில் அவர் கை நன்றாக ஆறியிருந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். காய்ந்த பிரிண்டுகளின் பின்னால் பென்சிலால் ‘வீடு’, ‘கடை’ என்று எழுதினார். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். இனிமே எதுக்குப் பொடியெல்லாம் நிறுத்துக்கிட்டுக் கஷ்டப்படறீங்க?”

பிரியமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

காலையில் டெவலப்பர் தயார் செய்வது என் வேலை. வெள்ளை மூடி ஜாடி என்னுடையது, சிவப்பு மூடி ஜாடி கடையுடையது. மறுநாள் சிவப்பு மூடி ஜாடியில் என் கலவையை ஊற்றினேன். ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். ‘இன்னிக்குக் கறுப்பு நல்லா வந்திருக்கே’ என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால், அன்றைக்கே உண்மையைச் சொல்லி நிறுத்தியிருப்பேன். தினமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் விரல் வெடித்தது. சோப்பாக இருக்கும் என்று தங்கை சோப்பை மாற்றினாள். டாக்டரிடம் நானும் துணைக்குப் போனேன். மெட்டாலைத் தொடுவதே இல்லையே என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், “இல்ல டாக்டர், கடை டெவலப்பர்தான்” என்று நான் சொன்னேன். ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. புண்ணோடு அவர் வேலை செய்தது எனக்கும் வருத்தம்தான்.

பிறகு கை வீங்கியது, காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை இரண்டு விரல்களை எடுத்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, அந்தத் தட்டுல இருக்கற தண்ணிய டெஸ்டுக்குக் குடுத்துப் பாக்கலாமா?”

நானே கொடுக்கிறேன் என்றேன். ஸ்டூடியோவுக்குப் போய் தட்டையும் ஜாடியையும் கழுவி, கடை டெவலப்பரை ஊற்றி வைத்தேன். முந்தின நாளே அவள் அந்தத் தட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவள் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போய்விட்டார்.

ஆமாம், நான்தான் ஊற்றினேன். ஐந்து வாரமும், தெரிந்தேதான். கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் அந்த இரண்டு பிரிண்டையும் மேசையில் வைத்து, எது உன்னுடையது என்று கேட்டீர்கள். யோசிக்கவே இல்லை, அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்தேன். திருப்பிக் காட்டினீர்கள். ‘கடை’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. இதை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: மாப்பிள்ளை மாற்றி எழுதிவிட்டார். பாவம், அவர் கை இருந்த நிலையில் எப்படிச் சரியாக எழுதியிருக்க முடியும்.